ஜோடிக் காப்பு

சும்மா ஒரு வெள்ளிக் காப்புதானேன்னா சொல்லுதீக? நல்லாச் சொன்னீக போங்க. வெட்டுனாலும் திரும்பப் பத்த வச்சுரலாம், வெட்டுன எடமே தெரியாதுன்னு சொன்னீகள்லா, அத இந்தக் காப்பப் பாத்துட்டு இன்னொரு தடவ சொல்லுங்க. நீங்க எங்க பாத்தீக? வாசப்படி ஏறுன ஒடனே பையில இருந்து கத்திரியத் தூக்குதீக. மொதல்ல அத உள்ள வைங்க தம்பி.

இப்படி சன்னலுப் பக்கம் வாங்க. கையத் தொடாதீக, உயிர் போகுது. கண்ணால பாருங்க. ரெண்டு முனையிலயும் மொகம் இருக்கா? நம்ம கோயில் தூண்ல யாளி நிக்கும்லா, அது மாதிரி. ரெண்டும் ஒண்ண ஒண்ணு மொறச்சுக்கிட்டு நிக்கு பாருங்க. அந்த ரெண்டு மொகத்துக்கும் நடுவுல இருக்குற சந்து வழியாத்தான் மணிக்கட்ட ஒருக்களிச்சு நொழைக்கணும், அதே வழியாத்தான் வெளிய எடுக்கணும். வேற பூட்டும் கெடையாது, திருகும் கெடையாது. நெளிச்சு எடுத்துருவோம்னு பாக்காதீக. இது முழு வெள்ளி இல்ல. தகடு. உள்ள அரக்கு ஊத்தியிருக்கான். நெளிச்சா தகடு கீறிக்கிடும். வெட்டிட்டு அப்புறம் நெருப்பு வச்சு ஊதுனீகன்னா அரக்கு உருகி ஓடிரும். அப்புறம் இது காப்பா? வெறுங்கூடு.

கை முக்கியமா காப்பு முக்கியமான்னு நீங்களும் கேட்டுட்டீகளா? சரி. காலையில இருந்து எல்லாரும் பெரிய புத்திசாலித்தனமாட்டும் அதையேதான் கேக்காக. அந்த டாக்டரம்மா கேட்டா. எம் மவன் பகவதி கேட்டான். ஆட்டோக்காரன் கேட்டான், அவனுக்கு என்ன தெரியும், அவனும் கேக்கான். எலும்புல கீறலாம், கட்டுப் போடணுமாம், கட்டுப் போடுறதுக்கு முன்னால இதக் கழத்தணுமாம். வீக்கம் ஏறிக்கிட்டே போகு, வெரலு நெறம் மாறுது, இன்னைக்கே கழத்தலன்னா கைக்கு நான் பொறுப்பில்லன்னு சொல்லுதா. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பையன் கிர்ர்ருன்னு ஒரு மிஷினத் தூக்கிட்டு வாரான். நான் எந்திரிச்சேன், செருப்பு மாட்டுனேன், ஆட்டோவுல ஏறிட்டேன். கோமுதான் பொறத்தால ஓடி வந்தா, "அத்தை, அத்தை"ன்னு. கோமு என் மருமக. அவதான் உங்களுக்குப் போன் போட்டது. ஆசாரி வந்து நயமாக் கழத்தித் தருவாருன்னு சொல்லித்தான் என்ன ஒக்கார வச்சிருக்கா. நீங்க என்னடான்னா கத்திரியோட வாரீக.

ஏன் போட்டீகன்னு கேளுங்க. அதக் கேக்க மாட்டீகளே.

நான் எதையும் போடுற ஆளு இல்ல தம்பி. சேத்து வைக்கிறவ போட மாட்டா. அந்தா, அந்த அலமாரியப் பாருங்க. காதுல மாட்டி, கனம் தாங்காம முடியில கொக்கி போட்டு இழுத்துக் கட்டிக்கிடுற தோடு. கழுத்துல தொங்கவிடுற தாயத்துப் பெட்டி, உள்ள மந்திரக் காயிதம் அப்படியே இருக்கு. பவளம், பச்ச நீலக் கல்லு, அத்தனையும் இமயமலச் சாமான். இந்தப் பாளையங்கோட்டையில இப்படி ஒரு அலமாரி எவ வீட்டுல இருக்கு? ஒண்ணையாவது நான் போட்டுப் பாத்தது கெடையாது. தொடைக்கக்கூட விட மாட்டேன். கோமு கல்யாணமாகி வந்த புதுசுல, தீவாளிக்கு வீட்டச் சுத்தம் பண்ணுதேன்னுட்டு, பல்பொடியப் போட்டு அத்தனையையும் தேச்சுப் பளபளன்னு வரிசையா அடுக்கி வச்சுட்டு, "அத்தை, வந்து பாருங்க"ன்னு சிரிக்கா. அந்தக் கருப்புதான் தம்பி அதுக்கு வயசு. நூறு வருசத்த பல்பொடி போட்டு கழுவிட்டாளே. பொங்கல் வரைக்கும் நான் அவகூடப் பேசல. நாங்க வடக்க இருந்தப்பம் குலுப் பக்கம் கடத்தெருவுல ஒரு கில்லாடி இருந்தான், இதுக்கு நேர் எதிரு. நேத்துச் செஞ்ச வெள்ளிய அவிச்ச முட்ட மஞ்சக்கருவோட டப்பாவுல போட்டு மூடி வச்சுருவான். கருத்துப் போயிரும். தாத்தா காலத்துச் சாமான்னு நீட்டுவான். நான் எடுத்து மோந்து பாப்பேன். முட்ட நாத்தம் அடிச்சா திருப்பிக் குடுத்துருவேன். "மதராஸிக்கு மூக்கு நீளம்"னு சொல்லிச் சிரிப்பான் அந்தப் பய.

எங்க விட்டேன்? ஆங், ஏன் போட்டேன். பகவதி சென்னையில பிளாட் வாங்கிட்டான். என்னையும் அங்க கொண்டுபோகப் போறான். "அம்மா, அங்க செருப்பு வைக்கவே எடமில்ல, இந்தச் சாமானையெல்லாம் எங்க கொண்டு வைக்க"ங்கான். காரைக்குடியில இருந்து பழைய சாமான் வாங்குத ஆள வரச்சொல்லிட்டான். நாளைக்கி வாரானாம், வேனோட. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. என்ன ஒரு ரூம்ல அடைக்கப் போறான், எஞ் சாமானை எவன் வீட்டுக்கோ அனுப்பப் போறான். அந்தானைக்கி எனக்கு ஒரு ஓசன வந்துச்சு. கையில கெடந்தா எவன் கேப்பான்? கெழவி கையில கெடக்குறத உருவிட்டுப் போறதுக்கு அவன் என்ன களவாணியா? கோமு குளிக்கப் போன நேரம் பாத்து, சோப்ப தடவி, பல்ல கடிச்சுக்கிட்டு உள்ள ஏத்திட்டேன். அப்பமே கொஞ்சம் தோலு வழண்டுச்சு. அதோட விட்டிருக்கலாம். மத்த சாமான்ல நல்லதாப் பாத்து நாலஞ்ச ஒளிச்சு வைப்போம்னு கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டிய இழுத்து, மூடியத் தூக்கி, உள்ள குனியுதேன், மூடி விழுந்துட்டு. நேரா இந்தக் கையில. காப்பும் கையும் ஒண்ணாச் சேந்து நசுங்குன மாதிரி.

அது லேசுப்பட்ட பெட்டி இல்ல தம்பி. ஹெலிகாப்டர்ல வந்த பெட்டி. இந்த ஊர்ல எத்தன வீட்டுப் பெட்டி ஹெலிகாப்டர் ஏறியிருக்கும், சொல்லுங்க பாப்போம்?

சிரிக்காதீக. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த இமயமலப் பக்கம் வேல. எந்த ஆபீஸுன்னு கேக்காதீக, அவுகளே போய்ச் சேந்தாச்சு, இனிமே என்னத்துக்கு. கணவாய்க்கு அந்தப் பக்கம், கர்லிங்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன, ஒரு சரிவுல முப்பது வீடு. பனி விழ ஆரம்பிச்சுட்டுன்னா கணவாய் அடச்சுரும். அப்புறம் சித்திர மாசம் தாண்டித்தான் வழி தொறக்கும். அதுவரைக்கும் உள்ள இருக்கவன் உள்ள, வெளிய இருக்கவன் வெளிய. ஒரு ரூம். நடுவுல ஒரு தகர அடுப்பு, அதுல இருந்து கூரைக்கு ஒரு கொழாய். சன்னலத் தொறந்தா பனிச் சுவரு. மூணு மாசம் அந்தச் சுவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பகவதிய எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போயிருந்தேன், பள்ளிக்கூடத்துக்காவ. அவனுக்கு அம்மை போட்டிருக்குன்னு லெட்டரு எழுதியிருக்காக, அது எனக்கு வந்து சேரும்போது அவன் எந்திரிச்சு கிட்டிப்புள்ளு வெளையாடிட்டு இருக்கான். பிள்ளையப் பிரிஞ்சு கெடக்குறதுன்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

தோச மாவு புளிக்கவே புளிக்காது தம்பி அங்க. போர்வைக்குள்ள சட்டியக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவேன். அவுக சொல்லுவாக, "என்னைய விட்டுட்டு மாவக் கட்டிக்கிட்டுத் தூங்குதியே"ன்னு. அப்படி ஒரு நாளு பொங்கி வந்துட்டு, போர்வ முழுக்க மாவு. அதத் தொவைக்கத்தான் அங்மோன்னு அந்த ஊர்க்காரி வந்தா. இல்ல, அதுக்கு முன்னாலயே வந்துக்கிட்டுத்தான் இருந்தா. கூரையில பனி ஏறுனா பாரத்துல வீடு இறங்கிரும், பாத்துக்கிடுங்க. மேல ஏறி மரத் துடுப்பு வச்சுத் தள்ளணும். அதுக்கு வருவா. தண்ணிக்கு வருவா. எங்கள மாதிரி வெளியூர்க்காரவுக வீட்டு வேலையெல்லாம் அவதான் பாத்தா. புருசன் கெடையாது, ரோட்டு வேலையில கல்லு உருண்டு போயிட்டான். டோல்கர்னு ஒரு பொட்டப்பிள்ள மட்டும்.

அவ கூரையில நின்னு பனியத் தள்ளுவாள்லா, அப்பம் ஒரு சத்தம் கேக்கும். டிங்கு, டிங்குன்னு. ரெண்டு கையிலயும் காப்பு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும். கீழ அடுப்புகிட்ட ஒக்காந்துருக்குற எனக்கு அதுதான் பாட்டு, அதுதான் ரேடியோ. வேற சத்தமே கெடையாதே அந்த ஊர்ல. அவ எறங்கி வந்து கைய காயவைக்கும்போது பிடிச்சு வச்சுக்கிட்டு பாப்பேன். "பஹுத் அச்சா"ம்பேன். தெனமும் சொல்லுவேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்றதுல என்ன இருக்கு? "உங்க பாட்டி போட்டதா, அவ பாட்டி போட்டதா"ன்னு கேப்பேன். அவ சிரிச்சுக்கிட்டே கைய இழுத்துக்கிடுவா. கேட்டு வாங்குற பழக்கம் எனக்குக் கெடையாது. இந்த அலமாரியில இருக்குற ஒரு சாமானக்கூட நான் வாயத் தொறந்து கேட்டு வாங்குனதில்ல, அத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

அப்பம் அந்தப் பிள்ளைக்கு வயித்து வலி வந்துட்டு. வயிறு கல்லு மாதிரி ஆகிப்போச்சு. அங்க இருந்த கம்பவுண்டரு தொட்டுப் பாத்துட்டு, வெளிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாத்தான் உண்டுன்னுட்டான். வெளியன்னா எப்படி? ஹெலிகாப்டர்தான். வானம் வெளுத்த நாளாப் பாத்து வரும். அதுல யாரு யாரு போறதுன்னு பேரு எழுதுறது எங்க வீட்டுக்காரவுக. ஊரே நிக்கும் வாசல்ல. பரிச்ச எழுதப் போறவன், பிரசவத்துக்குப் போறவ, கோர்ட்டுக்குப் போறவன். அவுக ரொம்ப நேர்மையான மனுசன். எவன்கிட்டயும் ஒரு டம்ளரு டீ குடிக்க மாட்டாக.

அங்மோ எங்கிட்ட வந்தா. "பெஹன்ஜி, ரெண்டு எடம், எனக்கும் பிள்ளைக்கும்"னா. பெஹன்ஜின்னா அக்கா. நான் என்ன சொன்னேன்? "அவுககிட்ட சொல்லுதேன், அழாத"ன்னேன். அவ கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். வேற எதப் பிடிக்க?

மறுநாளு வந்தா. அடுப்புப் பக்கத்துல ஒக்காந்தா. மடியில இருந்து ஒரு உருண்ட வெண்ணெய எடுத்து எடக் கையில தேச்சா. இழுத்தா, இழுத்தா, பொழுது சாயிற வரைக்கும் இழுத்தா. தோலு சீவிக்கிட்டு வந்துச்சு. வாயத் தொறந்து ஒரு சத்தம் போடல தம்பி. காலையில கோமு எனக்கு வெண்ணெய் போட்டு இழுத்தாள்லா, நான் தெருவையே கூட்டிட்டேன். எதுத்த வீட்டு மைனி ஓடி வந்துட்டா. அங்மோவுக்கு ஒடம்பு மரத்த ஒடம்பு போல. கழத்தி என் மடியில வச்சா. கண்ணுல தண்ணி. சந்தோசத்துலதான். நான் வேண்டாம் வேண்டாம்னேன். அன்பாக் குடுக்குறத எத்தன தடவ வேண்டாங்குறது?

இந்தா கெடக்கே, இந்தக் கையில, இதுதான் அது.

அவுககிட்ட சொன்னேன். ஒரு எடம் தாரேன்னுட்டாக. ஒண்ணுதான். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அங்மோ கெஞ்சுதா. "பிள்ள தனியா எப்படிப் போவா, அவளுக்கு அந்த ஊர்ப் பாஷ தெரியாது"ங்கா. பேசிக்கிட்டே வலக் கைக் காப்ப இழுக்கா. நான் கேக்கல. அவளா இழுக்கா. ஆனா அந்தக் கை சின்னப் பிள்ளையில ஒடிஞ்ச கை. எலும்பு ஒரு பக்கமாப் பொடச்சு நிக்கும். அதுக்கு முன்னால போட்ட காப்பாம், அப்புறம் கழந்ததே இல்லையாம். வெண்ணெயாவது ஒண்ணாவது. வீட்டுக்குப் போயி ராப்பகலா இழுத்திருக்கா. திரும்பி வந்து சொல்லுதா, "கொல்லன்கிட்டப் போயி வெட்டிக் கொண்டாந்துருதேன்"னு.

"வெட்டாத, வெட்டாத"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டேன். வெட்டுனா அது எதுக்கு ஆகும்? அத்தன தலமொற கையில கெடந்த சாமான். ஜோடியா இருந்தாத்தான் தம்பி அதுக்கு மதிப்பு, ஒத்தக் காப்ப எவன் சீந்துவான்? "அவசரப்படாத, நயமாக் கழந்து வரட்டும், அதுக்குள்ள ஒரு வழி பொறக்கும்"னு சொல்லி அனுப்புனேன். ஆறுதலுக்கு ஒரு வார்த்த சொல்றதுதானே. அவ என்ன செஞ்சா, நான் சொன்னதக் கேட்டு வெட்டாம வச்சிருந்தா. சொன்ன பேச்சு கேக்குறவ, அப்பம்.

அதுக்குள்ள ஒரு நாளு காலையில வானம் சுத்தமாயிட்டு. ஹெலிகாப்டர் சத்தம் கேக்கு. ஊரே ஓடுது. டோல்கரப் போர்வையில சுத்தி, பரிச்சப் பேப்பர் கொண்டுபோற வாத்தியாரு ஒருத்தரு தூக்கிட்டு ஏறுனாரு. அங்மோ கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. எறக்கி விட்டுட்டாக. எல்லாருக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. அவ பொறத்தால பனியில ஓடுதா, கைய ஆட்டிக்கிட்டு ஓடுதா. எனக்கு ஒண்ணு தோணுச்சு பாருங்க, இப்பம் அந்தக் கையில சத்தமே இல்லையேன்னு. ஒண்ணுதான கெடக்கு, எதோட மோதும்?

வாத்தியாரு அப்புறமாச் சொன்னாரு, பிள்ள பாதி தூரம் அழுதுட்டு, எங்க டிரங்குப் பெட்டி மேல தலைய சாச்சுத் தூங்கிட்டாம்.

ஆமா, எங்க பெட்டிதான். அன்னைக்கித்தான் அதுவும் போச்சு. எங்களுக்கு மாத்தல் ஆர்டரு வந்துருந்துச்சு. வழி தொறந்தப்புறம் லாரியில ஏத்துனா இந்தச் சாமானெல்லாம் ஒண்ணுகூட ஊரு வந்து சேராது, டிரைவரு பயலுவ களவாண்டுருவானுவ. எடம் இருந்துச்சு, வச்சு அனுப்புனாக. பெட்டிக்கு மூச்சா முட்டப் போகுது? அதுல என்ன தப்பு இருக்கு? ஏன் தம்பி இப்படிப் பாக்கீக?

பிள்ளைக்கு அங்க ஆப்பரேசன் நடந்துச்சு. அதெல்லாம் நல்ல ஆஸ்பத்திரிதான். அது ஆயுசு அம்புட்டுத்தான். வயர்லெஸ்ல சேதி வந்து அவுகதான் போயிச் சொல்லிட்டு வந்தாக. அன்னைக்கி ராத்திரி அவுக சாப்பிடல. "சாப்பிடுங்க"ன்னேன். "உன் பெட்டி பத்திரமா போய்ச் சேந்துட்டாம்"னு சொல்லிட்டுப் படுத்துட்டாக. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் இந்த அலமாரிப் பக்கம் அந்த மனுசன் திரும்புனதே இல்ல. ஆம்பளைகளுக்கு இதுல எல்லாம் ரசனை கெடையாது.

நம்ம ஊரு மாதிரிதான் அங்கயும், சாவு விழுந்த துட்டி வீட்டுல பொம்பளைக நக போடக்கூடாது. நாங்க ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னால அங்மோ வந்தா. வலக் கை மணிக்கட்டுல துணி சுத்தியிருந்தா. கறை பிடிச்ச துணி. நான் என்னன்னு கேக்கல, துட்டி வீட்டுக்காரிகிட்ட என்னத்தக் கேக்க. ஒரு பொட்டலத்த என் மடியில வச்சா. "நீங்க ஆசப்பட்டது பெஹன்ஜி, இப்பம் எடுத்துக்கிடுங்க"ன்னா. அழல. என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பிரிச்சுப் பாக்கேன். ரெண்டு துண்டு. கொல்லன் வெட்டுனது மாதிரிகூட இல்ல. கோடாலியால போட்டிருக்கா. கைய எப்படி வச்சுப் போட்டாளோ. ஒரு யாளிக்கு பாதி மொகம் இல்ல. அரக்கு பொடிப்பொடியா உதிருது.

எனக்கு வந்த கோவம்! வெட்டாத வெட்டாதன்னு நான் எத்தன தடவ சொன்னேன்? நூறு வருசத்து ஜோடிய ஒரே போடுல ஒத்தையாக்கிட்டாளே. டெல்லியில காட்டுனேன், ஜெய்ப்பூர்ல காட்டுனேன், நம்ம டவுன்ல உங்க அப்பாகிட்டயே காட்டியிருக்கேன், கேட்டுப் பாருங்க. எவனும் ஒட்ட வைக்கல. எல்லாவனும் பிரிச்சுப் பாத்துட்டு, ஒரு மாதிரியா என்னையப் பாத்துட்டு, திரும்ப மடிச்சுக் குடுத்துருவான். வெட்டுன எடம் தெரியாதுன்னா சொல்லுதீக? இத்தன வருசம் ஆச்சு, எனக்குக் கண்ண மூடுனாக்கூடத் தெரியுது.

இந்தா, தொட்டுப் பாருங்க இந்த வெரல. தொடுங்க, பரவால்ல. தொட்டுட்டீகளா? எனக்குத் தெரியவே இல்லையே. குளுந்து போச்சா? பனியில வச்ச மாதிரி ஆயிட்டு.

சரி சரி, அந்தக் கத்திரிய எடுக்காதீக. இருங்க. சொல்லுதேன்லா, இருங்க. அந்த வெட்டுன காப்ப நீங்க ஒரு தடவ பாத்துருங்க. பாத்துட்டு, அப்புறமும் வெட்டலாம்னு உங்க வாயால சொல்லுங்க, நான் கைய நீட்டுதேன்.

ஏ கோமு! கோமு! அங்கன என்ன செய்யுத? அந்த டிரங்குப் பெட்டியத் தொற. பாத்து, மூடிய ஒரு கையால நல்லாப் பிடிச்சுக்கோ. அடியில, கம்பளிக்குக் கீழ, ஒரு பிஸ்கட் டப்பா கெடக்கும். இல்ல, அது விக்கிறதுக்கு இல்ல, பகவதிகிட்டச் சொல்லாத. எடுத்துட்டு இங்க உள்ள கொண்டா. மூடிய நீயே தொறந்து கொண்டா தாயீ. எனக்கு வெரலு மடங்க மாட்டேங்கு.